முடி சூடாதவரின் ஆணை

சில்வாஷ்த்,
அக்டோபர் 9, 1786

அன்பு மகன் மெனிஹேர்ட்டுக்கு,

அம்மா ஓர்ஷோலா எழுதுவது. சேசுவுக்கே புகழ். இங்கே நானும் வாத்துகளும் நலம். நீ நலமா என்று தெரியவில்லை. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆணையர் அலுவலகத்தில் எழுத்தர்களுக்குச் சோறாவது ஒழுங்காகப் போடுகிறார்களா?

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை வண்டி வரும், வெள்ளை அங்கித் துறவிகளின் கோவிலிலிருந்து பீடத்துப் படத்தை எடுத்துப்போவார்கள், அன்றைக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மகனே, இந்த வீட்டுக் கதவைப் பகலில் நான் சாத்தியது இரண்டே முறைதான். ஒருமுறை உன் அப்பா இறந்தபோது. இன்னொருமுறை உன் அத்தை ஒரு மாதம் தங்கப்போவதாகப் பெட்டியோடு வந்து நின்றபோது. மூன்றாவது முறை சாத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

மடங்களை மூடச் சொன்ன ராஜாவின் ஆணைப்படி துறவிகளைப் பிப்ரவரியில் வெளியே அனுப்பினார்களே, அதற்குப் பிறகு ஊரில் நடந்தது உனக்குத் தெரியாது. மணியை இறக்கினார்கள். பக்கப் பீடங்களைப் பெயர்த்து ஏலம் போட்டார்கள். கோவிலுக்குள் குதிரைப் படைக்கு வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். பர்னபாஷ் சாமியார் மட்டும் வயதானவர் என்பதால் மணியடிப்பவரின் அறையில் இருக்க அனுமதி வாங்கிக்கொண்டார். அவருடைய வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். யாரோ கொடுத்த பழுப்புக் கோட்டில் அவரைப் பார்த்தால் மாட்டுத் தரகர் மாதிரி இருக்கிறது. மிச்சம் இருப்பது பெரிய பீடத்துப் படம் ஒன்றுதான்.

உங்கள் ஆணையர் லைட்னர் துரை போன மாதம் அதை அளக்க வந்தார். ஊர்த்தலைவர் பாலின்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். நானும் செருப்புத் தைப்பவர் மனைவி யுதித்தும் வாசலில் நின்றோம். துரை படத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கிரீடத்தை இப்படியா வரைவார்கள், உண்மையான கிரீடம் இந்த மாதிரியே இருக்காது, இது யாரோ அடுப்பிலிருந்து எடுத்த வளைய ரொட்டி மாதிரி இருக்கிறது என்றார். பாலின்த்தும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க ராஜாவே அத ஒரு நாளும் தலையில வெச்சுப் பாத்ததில்ல. ஒங்களுக்கு எப்படிங்க தெரியும் அது எப்படி இருக்கும்னு?" என்று கேட்டுவிட்டேன். துரை அளவுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாலின்த்துக்கு அன்று ஆரம்பித்த வயிற்றுவலி இன்னும் தீரவில்லை.

அவர் சொன்னது உண்மைதான் என்று உனக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வரைந்தவன் கிரீடத்தைப் பார்த்ததில்லை. நம்மில் யார் பார்த்தோம்? இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஒரு ராஜாவுக்குச் சூட்டும்போதுதான் வெளியே எடுப்பார்கள், பிறகு மறுபடி பூட்டிவிடுவார்கள். அதனால் அவன் தனக்குத் தெரிந்த அழகான வட்டத்தை வரைந்தான். உன் தாத்தா அவனுக்கு ஆறு மாதம் சோறு போட்டார். நம் கடையின் தேன்ரொட்டி வளையத்தைப் பார்த்துத்தான் வரைந்தான் என்று உன் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இருக்கட்டும்.

நீ அதை ஒரு பழைய படம் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குச் சுருக்கென்றது. ஞானஸ்நானம் வாங்கும்போது அதற்குக் கீழேதான் நீ கத்தினாய். மறந்திருந்தால் சொல்கிறேன். இந்த நாட்டின் முதல் ராஜா இஷ்த்வானுக்கு ஒரே பிள்ளை, இம்ரே. அவனைக் காட்டுப்பன்றி கொன்றுவிட்டது. ராஜாவுக்கு வயதாகிவிட்டது, முடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. உறவுக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர் ஒருவரிடமும் கொடுக்காமல் மாதாவிடம் கொடுத்துவிட்டார். படத்தில் கிழவர் மண்டியிட்டுச் சிவப்புத் தலையணைமேல் முடியை வைத்து நீட்டுகிறார், மேகத்திலிருந்து மாதா கையை நீட்டுகிறாள். அவ்வளவுதான் படம்.

ஆனால் அதிலிருந்துதான் இந்த நாட்டில் எல்லாமே. அன்றிலிருந்து முடி அவளுடையது. வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்டு வாங்கிச் சூடிக்கொண்டு, இந்த நாட்டுச் சட்டத்தைக் காப்பேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தால்தான் ராஜா. நல்லவன் கெட்டவன் எல்லாரும் செய்தார்கள். இப்போது இருப்பவர்தான் வேண்டாம் என்றார். முடி சூடினால் சத்தியம் செய்ய வேண்டும், சத்தியம் செய்தால் காப்பாற்ற வேண்டும். அதனால் முடியைப் பெட்டியோடு தன் அரண்மனை இருக்கும் வியன்னாவுக்கு எடுத்துப்போய்க் காட்சிப்பொருள் மாதிரி வைத்துக்கொண்டார். ஊரில் எல்லாரும் தொப்பி ராஜா என்றுதான் சொல்கிறார்கள். தொப்பி போட்டவருக்கு எங்கள் மாதாவை வண்டியில் ஏற்றச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

மெழுகுவர்த்தி வியாபாரம் பாதியாகிவிட்டது, அந்த ஆத்திரத்தில்தான் ஓர்ஷோலா குதிக்கிறாள் என்று லைட்னர் துரை சொன்னாராம். பீடத்தில் இத்தனை திரிதான் ஏற்றலாம் என்று எண்ணிக்கைச் சட்டம் போட்டதில் எனக்கு ஆத்திரம் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. நான் ஒன்றும் புனிதவதி இல்லை. ஆனால் மெழுகு விற்காவிட்டால் தேன்ரொட்டி விற்றுப் பிழைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவில் கதவில் அறைந்திருக்கும் அறிவிப்பு உன் கையெழுத்தில் இருக்கிறது. கீழே பெயர் ஆணையருடையது, ஆனால் அந்த எழுத்தின் வளைவுகள் எனக்குத் தெரியாதா? பர்னபாஷ் சாமியார்தான் உனக்கு அந்த எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். பாவம், அவரும் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். யுதித் படிக்கத் தெரியாதவள், எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே, யார் எழுதினது என்று கேட்டாள். என் மகன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் வந்தது, அந்த இடத்திலேயே செத்துவிடலாம் என்றும் வந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை நான் கோவிலில் இருப்பேன். யுதித் வருகிறாள், இன்னும் நாற்பது பேர் வருகிறார்கள். நீயும் துரையோடு வந்தாக வேண்டும் என்றால் வா. கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு வா, ஆற்றங்கரையில் காற்று அடிக்கிறது. கோழிச்சாறு வைத்திருப்பேன். யார் ஜெயித்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

உன்னை ஆண்டவர் காக்கட்டும். உன் கையை, அது எழுதும் எழுத்துகளிலிருந்து காக்கட்டும்.

உன் அம்மா,
ஓர்ஷோலா

*

சில்வாஷ்த்,
நவம்பர் 3, 1786

இதை முதலில் பிரித்துப் படிக்கப்போகும் கோட்டை அதிகாரி ஐயாவுக்கு வணக்கம். முழுவதும் படியுங்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. படித்த பிறகு மடித்து, கீழே கண்டவரிடம் கொடுத்துவிடுங்கள். பொட்டலத்தில் இருக்கும் தேன்ரொட்டி பன்னிரண்டு. உங்களுக்கு இரண்டு.

என் அன்பு மகன் மெனிஹேர்ட்டுக்கு,

சேசுவுக்கே புகழ். கோட்டைச் சிறையில் சுவரெல்லாம் ஈரம் என்று கேள்விப்பட்டேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உன் அப்பாவுடையது, குதிகாலில் தைத்திருக்கிறேன். நெஞ்சுச்சளி பிடித்தால் ரொட்டியைச் சுடுநீரில் கரைத்துக் குடி.

அந்த வியாழக்கிழமை நீயும் கோவிலில் இருந்தாய், எல்லாம் பார்த்தாய். ஆனால் நீ பார்த்தது உன் பக்கம் நின்று. என் பக்கம் நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் பொழுது விடிந்ததிலிருந்து பீடத்துக்கு முன்னால் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தோம். யுதித் பாட்டை ஆரம்பிப்பாள், நடுவில் மறந்துவிடுவாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வண்டிச் சத்தம் கேட்டதும் யுதித்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். துரை வந்தார், நான்கு சிப்பாய்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் கையில் காகிதத்தோடு நீ வந்தாய். இளைத்துப் போயிருந்தாய். எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

நீ ஆணையை ஜெர்மனில் படித்தாய். பிறகு யாரும் கேட்காமலே நம் மொழியில் சொன்னாய். ஊரின் பிரதிநிதி யாரோ அவர் இதை வாங்கிக்கொண்டு படத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பிரதிநிதியான பாலின்த், தன் வீட்டில் வாத்து இறகுப் போர்வைக்குள் கிடந்தார். ஒருவரும் எழவில்லை. உன் கை நீட்டியபடியே இருந்தது. நீட்டிய கை அப்படியே நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால்தான் எழுந்தேன். வீரம் எல்லாம் பிறகு வந்ததுதான்.

உன் அப்பா ஒவ்வொரு வருடமும் மாவட்ட சபைக்குத் தேன்ரொட்டி கொண்டுபோவார் அல்லவா, அங்கே பெரிய மனிதர்கள் செய்வதை வந்து சொல்லுவார். வியன்னாவிலிருந்து சட்டத்துக்கு ஒவ்வாத ஆணை வந்தால் அவர்கள் கிழித்துப் போடமாட்டார்களாம். எழுந்து நின்று வாங்கி, படித்து, முத்திரையை முத்தமிட்டு, மரியாதையோடு ஒதுக்கி வைக்கப்பட்டது என்று எழுதிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். அதோடு சரி. அந்த ஆணை நூறு வருடம் மரியாதையாகத் தூங்கும். இப்போது அந்தச் சபைகளையே கலைத்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடிக்கிறார்கள். அப்படியானால் ஒதுக்கி வைக்கிற வேலையை யாராவது செய்ய வேண்டுமே.

அதனால் காகிதத்தை உன் கையிலிருந்து வாங்கினேன். முத்திரையை முத்தமிட்டேன், மட்டமான அரக்கு, பிசின் நாற்றம் அடித்தது. தூணோரம் இருந்த உண்டியலுக்குள் போட்டேன். "மரியாதையோட வாங்கிக்கிட்டோம். மரியாதையோட ஒதுக்கி வெச்சிட்டோம்" என்றேன். உன் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

துரைக்குக் கோபம் தலைக்கேறியது. அது பிரபுக்களின் உரிமை, அதுவும் ஒழிந்துபோன உரிமை, தேன்ரொட்டிக்காரி நீ யார் என்று கத்தினார். நான் யாரும் இல்லைதான். ஆனால் எனக்குப் பின்னால் இருந்தவள் யாரோ ஒருத்தி இல்லையே. "முடி அந்தம்மாவோடது. ஒங்க ராஜா இன்னும் வந்து கேக்கல. அவர் கேட்டு வாங்கிச் சூடிக்கிட்டு, சத்தியமும் பண்ணிட்டு வரட்டும். அப்புறம் அவர் எது சொன்னாலும் நானே தூக்கி வண்டியில வெக்கிறேன்" என்றேன். ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டான். நம் பக்கத்துப் பையனாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் துரை உன்னிடம் எதிர்த்தவர்களின் பெயரை எல்லாம் எழுதச் சொன்னார், இவளிலிருந்து ஆரம்பி என்று என்னைக் காட்டினார். நான் உன் அம்மா என்று அவருக்குத் தெரியாது. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் என் அம்மா என்று. சொல்லியிருந்தால் உன்னை ஒதுங்கி நிற்கச் சொல்லி வேறு ஆளை எழுத வைத்திருப்பார். நீ சொல்லவில்லை. வைக்கோல் கட்டின்மேல் காகிதத்தை வைத்து, பேனாவை மையில் தோய்த்து, அவசரப்படாமல் எழுதி, அவரிடம் நீட்டினாய். அவர் வாய்விட்டுப் படித்தார். மெனிஹேர்ட், ஓர்ஷோலாவின் மகன், எழுத்தர். அடுத்த பெயர் எங்கே என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பேருதாங்க" என்று நீ சொன்னாய்.

எங்கள் நாற்பது பேரைத் தாண்டிப் பீடத்தை நெருங்கச் சிப்பாய்கள் வரவில்லை, படம் அங்கேயே இருந்தது. படத்துக்காக வந்த வண்டியில் உன்னை ஏற்றிப்போனார்கள். கோழிச்சாறு அடுப்பிலேயே இருந்தது. அதை அன்று யாரும் தொடவில்லை.

நீ போனபிறகு நடந்தது இதுதான். பர்னபாஷ் சாமியார் பழுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறார். பெண்கள் முறைபோட்டுக் கோவிலில் இருக்கிறோம். பாலின்த்தின் மனைவியே ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள், கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நேற்று இறந்தவர்களுக்குத் திரி ஏற்றும் ஆத்துமாக்கள் திருநாள். சட்டம் சொன்ன எண்ணிக்கை என்னவோ, அதைப்போல மூன்று மடங்கு திரி ஏற்றினோம். எல்லாம் என் மெழுகு, இலவசம். இனி லைட்னர் துரை என் வியாபாரத்தைப் பற்றிப் பேசட்டும்.

இப்போது உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் காலுறையைப் பற்றியும் அரக்கைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை துரையின் ஆள் வந்தான். மார்ட்டின் திருநாளுக்குள், அதாவது வருகிற பதினொன்றாம் தேதிக்குள், படத்தை நானே வண்டியில் ஏற்றி அனுப்பினால் உன்மேல் வழக்கு இல்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லாவிட்டால் உன்னைத் தெற்கு எல்லைப் படைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்களில் நம் தெருவுக்குத் திரும்பி வந்தவர் யாரும் இல்லை. நான் உன் அம்மா என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் முடியாது என்று சொன்னேன். அவன் சொல்லி முடிப்பதற்குள் சொன்னேன், தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். யுதித் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஊரில் எல்லாரும் என்னை ஏதோ ராணி மாதிரி பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்தேன். மாவு பிசைய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் கோவிலுக்குப் போய் அந்தப் படத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், கிழவர் முகத்தில் இருப்பது பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பக்தி இல்லை, மகனே. கொடுக்க ஆள் இல்லாமல் போன முகம் அது. முடியை எவ்வளவு உயர்த்திப் பிடித்திருக்கிறார் பார், அதைவிட உயரமாகப் பிடித்தாலும் அந்த இம்ரே வரப்போவதில்லை. அந்த முடியைக் கொடுத்தால் மகனைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது அன்று அவரிடம் பேரம் பேசியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். மாதாவிடமும் கேட்டேன். அவளும் மகனை அதிகாரிகள் பிடித்துப்போனதைப் பார்த்தவள்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, எனக்குப் பதிலும் சொல்லவில்லை.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தொப்பி ராஜாவுக்கு நான் அடங்கப்போவதில்லை. லைட்னர் துரைக்கு அடங்கப்போவதில்லை. ஊருக்கும் அடங்கப்போவதில்லை. இந்த விஷயத்தில் நான் கேட்கப்போவது உன் சொல்லை மட்டும்தான். அம்மா, வீட்டுக்கு வர வேண்டும் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. நானே ஏணி வைத்து ஏறுவேன், நானே ஆணியைப் பிடுங்குவேன். யுதித் என் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தை முதுகில் சுமந்துபோய் வண்டியில் ஏற்றுவேன். அதற்குப் பிறகு யாராவது உன்னை ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் என்னிடம் பேசட்டும்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. கடிதம் இங்கு வர மூன்று நாள் ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள். அதிகாரி ஐயா, நீங்களும் பிள்ளை பெற்றவராக இருந்தால், இவன் எழுதிக் கொடுப்பதை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பிவையுங்கள்.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும், மெனிஹேர்ட். நிமிர்ந்து நட. யார் முன்னாலும் மன்னிப்புக் கேட்காதே. அந்த ஒரு வரியை நீ எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன், எழுது.

உன்னைப் பெற்றவள்,
ஓர்ஷோலா